தேயிலை ஊற வேண்டியது மூன்று நிமிடமா, ஆறு நிமிடமா? ஆளுக்கொரு கணக்கு சொல்வது ஏன்?

டீத்தூளை விட்டு இலைத் தேயிலைக்கு மாறுபவர்கள் முதல் வாரத்திலேயே குழம்பிப் போகிறார்கள். பாக்கெட்டில் 3 முதல் 5 நிமிடம் என்று போட்டிருக்கிறது. சர்வதேசத் தர விதி ஒன்று 6 நிமிடம் என்கிறது. தெருமுனை டீ மாஸ்டரோ துணி வடிகட்டியில் கொதிநீரை ஊற்றி ஒரு சுழற்று சுழற்றி, பேச்சு முடிவதற்குள் டிகாஷனை இறக்கிவிடுகிறார். வீட்டில் என்றால் அடுப்பில் தளதளவென்று கொதிக்கவிடாமல் யாருக்கும் மனசு ஆறாது. இது போதாதென்று, 2024 ஜனவரியில் மிஷெல் பிரான்கல் என்ற அமெரிக்க வேதியியல் பேராசிரியர் டீயில் ஒரு சிட்டிகை உப்பு போடலாம் என்று சொல்லப்போய், பிரிட்டனில் கொதித்து எழுந்தார்கள். லண்டனில் உள்ள அமெரிக்கத் தூதரகம் 'அது எங்கள் அரசின் கொள்கை இல்லை' என்று கிண்டலாக அறிக்கை விட்டது, கூடவே நாங்கள் வழக்கம்போல மைக்ரோவேவில்தான் டீ போடுவோம் என்றும் சேர்த்துக்கொண்டது.

இதில் யாரையும் தப்பு சொல்ல முடியாது. ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் இலை வேறு, அவர்களுக்கு வேண்டியதும் வேறு. அதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் உங்கள் கப்புக்கு எத்தனை நிமிடம் என்பதை நீங்களே சொல்லிவிடலாம். பால் சேர்க்காத, அல்லது கடைசியில் கொஞ்சமாகப் பால் சேர்க்கிற கறுப்புத் தேநீரைப் பற்றித்தான் இங்கே பேச்சு. பாலோடு கொதிக்கிற டீக்குக் கணக்கே தனி, ஏன் தனி என்பது போகப் போகத் தெரியும்.

இலைக்கும் தூளுக்கும் என்ன வித்தியாசம்

செடி ஒன்றுதான். பறித்த கொழுந்தை வாடவைத்து, உருட்டி, காற்றுப்பட விட்டு, கடைசியில் சூட்டில் உலர்த்தினால் கறுப்புத் தேயிலை. உருட்டும்போது இலையின் செல்கள் உடைந்து, உள்ளே தனித்தனியாக இருந்த நொதியும் காட்டெக்கின் என்ற பொருள்களும் கலக்கின்றன. நறுக்கிவைத்த வாழைக்காய் கறுப்பது போலத்தான், இலையும் காற்றுப்பட்டுச் செம்பழுப்பாகிறது. ஃபேக்டரியில் இதை 'பெர்மென்டேஷன்' என்றே சொல்வார்கள், ஆனால் இட்லி மாவு புளிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது வெறும் ஆக்ஸிஜன் வேலை. காட்டெக்கின்கள் இப்படி மாறித்தான் தியாஃப்ளேவின், தியாருபிஜின் என்ற இரண்டு வகைப் பொருள்கள் உண்டாகின்றன. டீயின் பொன்னிறப் பளபளப்பும் நாக்கைச் சுண்டும் சுறுசுறுப்பும் முதலாவதிலிருந்து வருபவை. செம்பழுப்பு நிறமும் கனமும் பெரும்பாலும் இரண்டாவதன் உபயம்.

இலையை உருட்டும் முறையில்தான் வழி பிரிகிறது. பழைய முறையில் இலையை முறுக்கி உருட்டுவார்கள், அதற்கு ஆர்த்தோடாக்ஸ் என்று பெயர். இன்னொன்று 1930-களில் அசாமில் உருவான சி.டி.சி. முறை. பல் வைத்த உருளைகளுக்கு நடுவே இலையை விட்டு நசுக்கி, கிழித்து, குருணையாகச் சுருட்டிவிடும். நம் வீடுகளில் புழங்கும் டீத்தூள் பெரும்பாலும் இந்த ரகம்.

இதற்கும் ஊறும் நேரத்துக்கும் என்ன தொடர்பு என்றால், தேங்காயை நினைத்துக்கொள்ளுங்கள். பத்தையாகக் கீறி வெந்நீரில் போட்டால் பால் வராது, துருவிப் பிழிந்தால் உடனே வரும். காய் அதேதான், தண்ணீர் தொடும் பரப்புதான் கூடிவிட்டது. கணக்காகப் பார்த்தால், 8 மில்லிமீட்டர் கட்டி ஒன்றை 1 மில்லிமீட்டர் துண்டுகளாக்கினால் மொத்தப் பரப்பு 8 மடங்காகிவிடும். டீ மாஸ்டரின் அவசரத்துக்கு அர்த்தம் இதுதான். அவர் வடிகட்டியில் இருப்பது டஸ்ட், அதாவது இருப்பதிலேயே பொடியான தூள், அதற்கு நிமிடங்கள் தேவையே இல்லை.

பாக்கெட்டில் இருக்கும் எழுத்துகளும் பெரும்பாலும் இந்த அளவைத்தான் சொல்கின்றன. ஓ.பி. (ஆரஞ்சு பீக்கோ) என்றால் முழு நீள இலை. பி.ஓ.பி. என்றால் உடைத்த இலை. பி.ஓ.பி.எஃப். அதைவிடப் பொடி. அப்புறம் டஸ்ட். இதில் வரும் 'ஆரஞ்சு' என்ற சொல்லுக்கும் பழத்துக்கும் உறவே இல்லை, ஆரஞ்சு வாசனை வரும் என்று எதிர்பார்த்து வாங்கி ஏமாற வேண்டாம். இந்த எழுத்துகள் தரத்தைச் சொல்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நல்ல பி.ஓ.பி.யும் உண்டு, சுமாரான ஓ.பி.யும் உண்டு.

தண்ணீருக்குள் என்ன நடக்கிறது

ஒரு கண்ணாடி டம்ளரில் கொதிநீர் ஊற்றி ஒரு ஸ்பூன் இலையைப் போட்டு, கிளறாமல் பாருங்கள். முதலில் எல்லாம் மேலே மிதக்கும். அரை நிமிடத்தில் ஒவ்வொன்றாக நனைந்து கீழே இறங்கும்போது அதன் பின்னாலேயே நூல் மாதிரி சிவப்புக் கோடு வரும். இரண்டு நிமிடத்தில் அடியில் அடர் சிவப்பு, மேலே வெறும் மஞ்சள் என்று டம்ளர் இரண்டு அடுக்காக நிற்கும். அடியில் கிடக்கும் இலையைச் சுற்றிச் சாறு தேங்கிவிட்டதால் புதுச் சாறு இறங்குவது மந்தமாகிவிடுகிறது. ஸ்பூனால் ஒரு தடவை கலக்கினால் மறுபடி வேகம் பிடிக்கும். நடுவில் ஒரு முறை கலக்கு என்று சொல்வது சடங்குக்காக இல்லை.

இலையிலிருந்து எல்லாம் ஒரே வேகத்தில் இறங்குவதும் இல்லை. கஃபீன், அமினோ அமிலங்கள், வாசனைப் பொருள்கள் எல்லாம் சின்ன மூலக்கூறுகள், முதல் சில நிமிடங்களிலேயே பெரும்பகுதி வந்துவிடும். நிறமும் சீக்கிரமே வருகிறது, நிறம் வந்ததும் டீ ஆகிவிட்டது என்று எடுத்துவிடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். நாம் பொதுவாக டானின் என்று சொல்லும் பெரிய பாலிபீனால்கள் நிதானமாக, ஆனால் விடாமல் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே ஐந்து நிமிடத்துக்கு மேல் ஊறவிட்டால் வாசனை கூடப்போவதில்லை, வாயை இழுக்கிற அந்தப் பிடிப்புதான் கூடும்.

அந்தப் பிடிப்புக்கு நம்மிடம் சரியான சொல் இருக்கிறது: துவர்ப்பு. ஆறு சுவையில் ஒன்றாக அதை எண்ணிவைத்திருப்பதால் வாழைப்பூவையும் பாகற்காயையும் நாம் குழப்பிக்கொள்ள மாட்டோம், டீயில் மட்டும் இரண்டையும் சேர்த்து 'கசக்குது' என்று விடுகிறோம். கசப்பு நாக்கில் தெரிவது, டீயில் அதற்குக் கஃபீன் ஒரு முக்கியக் காரணம். துவர்ப்பு உண்மையில் ஒரு தொடு உணர்வு: பாலிபீனால்கள் எச்சிலில் இருக்கும் புரதங்களைப் பிடித்துக்கொள்ள, வாயின் வழுவழுப்பு போய் உலர்ந்த மாதிரி ஆகிறது. ஊறல் அதிகமானால் பெரும்பாலும் கூடுவது துவர்ப்புதான். பால் ஊற்றினால் அது அடங்குவதற்கும் இதே காரணம்தான், எச்சில் புரதத்துக்குப் பதிலாகப் பாலின் கேசீன் புரதம் மாட்டிக்கொள்கிறது. பத்து நிமிடம் கொதித்த டீத்தூள் பாலோடு குடிக்க நன்றாக இருப்பதும், அதையே பால் இல்லாமல் குடித்தால் முகம் கோணுவதும் இதனால்தான்.

அந்த ஆறு நிமிடம் எங்கிருந்து வந்தது

ஐ.எஸ்.ஓ. 3103 என்ற விதி 1980-இல் வந்தது. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, கொதிநீர், மூடிபோட்ட வெள்ளைப் பீங்கான் பாத்திரம், 6 நிமிடம். இதே விஷயத்துக்குப் பிரிட்டிஷ் தர அமைப்பு ஆறு பக்கத்தில் எழுதிய விதிக்கு 1999-இல் இலக்கியப் பிரிவில் இக் நோபல் என்ற கேலிப் பரிசும் கிடைத்தது.

கேலி ஒருபுறம் இருக்கட்டும், அந்த விதி சுவையான டீ போடுவதற்காக எழுதப்பட்டதே இல்லை. குன்னூரில் வாராவாரம் தேயிலை ஏலம் நடக்கிறது. ஏலத்துக்கு முன் சுவைப்பவர்கள் வரிசையாக வைத்த கிண்ணங்களில் ஒவ்வொன்றையும் சத்தமாக உறிஞ்சி, வாய்க்குள் புரட்டி, துப்பிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். ஊறிய இலை கவிழ்த்த மூடியின் மேல் தனியாக இருக்கும், அதன் நிறத்தையும் பார்ப்பார்கள். இலையில் இருக்கும் குறையெல்லாம் வெளியே வரவேண்டும், எல்லா மாதிரிகளும் ஒரே நிபந்தனையில் இருக்கவேண்டும் என்பதுதான் இந்த மாதிரி சோதனையின் நோக்கம். அளவும் நேரமும் வேண்டுமென்றே கடுமையாக வைக்கப்பட்டவை. துப்பப்போகிற டீக்கான கணக்கை விழுங்கப்போகிற டீக்கு வைத்துக்கொண்டால் நாக்குதான் பாவம்.

நம் கையில் இருக்கும் நான்கு விஷயங்கள்

1. அளவு. 200 மில்லி தண்ணீருக்கு 2 முதல் 2.5 கிராம். ஸ்பூன் கணக்கை நம்பாதீர்கள். ஒரே டீ ஸ்பூனில் சி.டி.சி. தூள் கனமாக உட்காரும், முறுக்கிய நீள இலை பாதி காற்றோடு நிற்கும், எடையில் பெரிய வித்தியாசம் வரும். சமையலறைத் தராசு இருந்தால் ஒரு தடவை நிறுத்துப் பார்த்து உங்கள் ஸ்பூனுக்கு எவ்வளவு என்று தெரிந்துகொண்டால் போதும், தினமும் நிறுக்க வேண்டாம்.

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: டீ ஸ்ட்ராங்காக வேண்டுமென்றால் இலையைக் கூட்டுங்கள், நிமிடத்தைக் கூட்டாதீர்கள். சந்தேகமாக இருந்தால் நான்கு டம்ளர் வைத்துப் பாருங்கள். மூன்றில் 2 கிராம் போட்டு முறையே 3, 5, 8 நிமிடத்தில் வடிகட்டுங்கள். நான்காவதில் 4 கிராம் போட்டு 3 நிமிடத்தில் வடிகட்டுங்கள். எட்டு நிமிட டம்ளருக்கும் நான்காவதுக்கும் நிறத்தில் பெரிய வேறுபாடு இருக்காது. குடித்தால் முன்னது வாயை இழுத்துப் பிடிக்கும், பின்னது கனமாகவும் வாசனையாகவும் இறங்கும்.

2. சூடு. கறுப்புத் தேயிலைக்கு நன்றாகக் கொதித்த தண்ணீர்தான் வேண்டும். 80 டிகிரி கணக்கெல்லாம் கிரீன் டீக்கு. விதிவிலக்கு டார்ஜிலிங் முதல் பறிப்பு மாதிரி, பச்சை வாடை மாறாத மென்மையான இலை, அதற்கு 90 டிகிரி பக்கம் போதும்.

கொதிநீர் ஊற்றினோம் என்று நாம் நினைப்பதற்கும் இலை உணரும் சூட்டுக்கும் இடைவெளி உண்டு. 300 கிராம் கனமான பீங்கான் கப்பில் 200 மில்லி கொதிநீரை ஊற்றினால், கப் தன் பங்குச் சூட்டை உறிஞ்சியதும் தண்ணீர் பத்து டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். திறந்து வைத்தால் இன்னும் இறங்கும். முதலில் கப்பில் வெந்நீர் ஊற்றி அலசிக் கொட்டுவதும், இலை ஊறும்போது ஒரு தட்டைப் போட்டு மூடுவதும் இதற்காகத்தான். எவர்சில்வர் டம்ளர் சீக்கிரம் ஆறும், அதில் ஊறவைத்தால் மூடி கட்டாயம்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்குகிறது. 1,850 மீட்டர் உயரமுள்ள குன்னூரில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், இலங்கையின் நுவரெலியாவிலும் ஏறக்குறைய அதே கதைதான். தேயிலை விளையும் ஊரிலேயே அதை ஊறவைக்க நூறு டிகிரித் தண்ணீர் கிடைக்காது! பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை, ஒரு நிமிடம் கூடுதலாக விட்டால் சரியாகிவிடும்.

3. நேரம். முழு இலைக்கு 4 முதல் 5 நிமிடம், உடைத்த இலைக்கு 3, பொடிக்கும் சி.டி.சி.க்கும் பால் இல்லாமல் குடிப்பதென்றால் ஒன்றரை முதல் 2. தொடங்கும் இடம் இது. அடுத்த முறை உங்கள் வாய்க்கு ஏற்ப அரை நிமிடம் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். நேரம் முடிந்ததும் இலை தண்ணீரை விட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். கெட்டிலில் இலையோடு விட்டுவிட்டு முதல் கப்பை மட்டும் ஊற்றிக்கொண்டால், இரண்டாவது கப் யாருக்கும் தெரியாமல் பதினைந்து நிமிட டீயாகிவிடும்.

4. இடம். உலர்ந்த இலை ஊறினால் பல மடங்கு விரியும். சங்கிலியில் தொங்கும் சின்னச் சல்லடை உருண்டையை நெற்றிவரை நிரப்பினால் நடுவில் இருக்கும் இலை சரியாக நனைவதுகூட இல்லை. அகலமான சல்லடைக் கூடையோ, கெட்டிலில் தாராளமாக மிதக்கவிட்டு இன்னொன்றில் வடிகட்டுவதோ மேல்.

தண்ணீர் சரியில்லை என்றால்

போர் தண்ணீரில் டீ போட்டால் மேலே எண்ணெய் மாதிரி ஒரு ஏடு படிந்து, கப்பின் ஓரத்தில் பழுப்பு வளையம் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். இலையில் கலப்படம் என்று சந்தேகப்படுவார்கள். பெரும்பாலும் காரணம் தண்ணீர்: அதில் இருக்கும் கால்சியமும் பைகார்பனேட்டும் டீயின் பாலிபீனால்களோடும் காற்றோடும் சேர்ந்து அந்த ஏட்டை உண்டாக்குகின்றன. அத்தோடு நிறமும் மங்கி, சுவையும் தட்டையாகிவிடும். சில சொட்டு எலுமிச்சை பிழிந்தால் ஏடு கரைந்துவிடும், டீயின் நிறமும் சட்டென்று வெளிறும். பயப்பட வேண்டாம், அமிலத்தில் தியாருபிஜின் நிறம் மாறுவதுதான் அது. மென்மையான குடிநீரில் இந்தத் தொல்லையே இருக்காது.

கலப்படச் சந்தேகம் வேறு. சாயம் ஏற்றிய தேயிலையைக் கண்டுபிடிக்க, வடிதாளில் கொஞ்சம் பரப்பித் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தாளில் நிறம் ஊறினால் ஏதோ இருக்கிறது. நல்ல இலை குளிர்ந்த நீரில் அவ்வளவு அவசரப்படாது.

இன்னொரு பயம், ஸ்ட்ராங் டீ ஆறியதும் கலங்கிப்போவது. கெட்டுப்போகவில்லை. சூடு இறங்கும்போது கஃபீனும் தியாஃப்ளேவினும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரள்கின்றன, சூடுபடுத்தினால் மறுபடி தெளியும். நீலகிரித் தேயிலை ஐஸ் டீக்கு விரும்பப்படுவதற்கு, குளிர்ந்தாலும் அது அவ்வளவாகக் கலங்காது என்பதும் ஒரு காரணம்.

கேள்விப்பட்டதும் உண்மையும்

உப்பு விஷயம் உளறல் இல்லை. சோடியம் கசப்பை நாக்கு உணர்வதைக் குறைக்கும், உப்புக் குறைந்த பாகற்காய் வறுவல் எப்படிக் கசக்கும் என்பதை நினைத்தால் புரியும். ஆனால் அந்தச் சிட்டிகை உப்பு தெரியாத அளவுக்கு இருக்கவேண்டும், தவிர அது ஊறல் மிஞ்சிய டீக்கு வைத்தியம்தான். நிமிடத்தைப் பார்த்து எடுத்தால் அதற்கு வேலையே இல்லை.

முதல் முப்பது வினாடித் தண்ணீரைக் கொட்டிவிட்டால் கஃபீன் போய்விடும் என்பது தப்பு. அதற்குள் இறங்குவது ஒரு பங்குதான், அதோடு நல்ல வாசனையும் சாக்கடைக்குப் போகும்.

ஒருமுறை கொதித்த தண்ணீரை மறுபடி கொதிக்கவைத்தால் ஆக்ஸிஜன் போய் டீ செத்துவிடும் என்பார்கள். முதல் கொதியிலேயே கரைந்திருந்த ஆக்ஸிஜனில் பெரும்பகுதி போய்விடுகிறது, இரண்டாம் கொதிக்கு மிச்சம் வைப்பதில்லை.

பாலைத் தொடக்கத்திலேயே ஊற்றி அதில் இலையை ஊறப்போடுவது மட்டும் நிஜமாகவே தப்பு. பால் சூட்டைக் குறைத்துவிடும், இறங்குகிற பாலிபீனாலையும் பிடித்துக்கொள்ளும். இலை தனியாக ஊறட்டும், வடிகட்டிய பிறகு பால்.

சாப்பாட்டோடு டீ வேண்டாம் என்பது ஏன்

2024 மே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் டீ, காபி வேண்டாம் என்று வந்ததும் பலர் பதறினார்கள். டீயே கூடாது என்று அதில் சொல்லவில்லை. எச்சில் புரதத்தைப் பிடிக்கும் அதே பாலிபீனால்கள் கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றில் இருக்கும் இரும்புச்சத்தையும் பிடித்து உடம்பில் சேரவிடாமல் செய்கின்றன. ரத்தசோகை உள்ளவர்களுக்கு இது விளையாட்டில்லை. நீண்ட நேரம் ஊறிய டீயில் இந்தப் பொருள் கூடுதல் என்பதால் பிரச்சினையும் கூடுதல். முருங்கைக்கீரைச் சாப்பாட்டை முடித்த கையோடு ஒரு ஸ்ட்ராங் டீ குடிப்பதுதான் இருப்பதிலேயே மோசமான சேர்க்கை.

இரண்டாம் தண்ணீர்

தேங்காய்க்கு இரண்டாம் பால் மாதிரி முழு இலைக்கும் இரண்டாவது ஊறல் உண்டு. முதல் முறை 4 நிமிடத்தில் எடுத்திருந்தால், அடுத்த கொதிநீரில் 6 நிமிடம் விடலாம். வாசனை மெலிந்திருக்கும், துவர்ப்பும் அடங்கியிருக்கும், சிலருக்கு இதுதான் பிடிக்கும். சி.டி.சி.யில் இதற்கு முயல வேண்டாம், முதல் தண்ணீரிலேயே அது எல்லாவற்றையும் கொடுத்து முடித்திருக்கும். இரண்டாவதை ஒரு மணி நேரத்துக்குள் போட்டுவிடுங்கள், நம் ஊர் வெயிலில் ஈர இலை சீக்கிரம் புளித்த வாடை அடிக்கும். அதற்குப் பிறகு ரோஜாத் தொட்டிக்குப் போகலாம், சர்க்கரை பட்டிருந்தால் மட்டும் அலசிவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் எறும்பு வந்துவிடும்.